நரம்பு–தசை நோயில் கை நடுக்கம்: ஏன் வருகிறது, எப்படி அளக்கிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பார்க்கின்சன் நோயின் நடுக்கத்தைப் பற்றித் தமிழில் படிக்க நிறைய இருக்கிறது. தசை வலுவிழக்கும் நோய் உள்ளவர்களின் கை ஏன் நடுங்குகிறது என்று தேடினால் அவ்வளவாக எதுவும் அகப்படாது. நோயாளிகள், பெற்றோர், பிசியோதெரபி மாணவர்கள், இத்துறையில் ஆய்வு தொடங்க நினைக்கும் இளம் மருத்துவர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். இது சிகிச்சை ஆலோசனை அன்று. மருந்தைத் தொடங்குவதும் நிறுத்துவதும் உங்கள் நரம்பியல் மருத்துவரின் வேலை.

எனக்கு இருப்பது தசை பலவீனம். வலுவில்லாத கை எப்படி நடுங்கும்?

நியாயமான சந்தேகம். நடுக்கம் என்றாலே மூளையில் கோளாறு என்று நாம் பழகிவிட்டோம். ஆனால் நல்ல ஆரோக்கியமான கையும் நடுங்கிக்கொண்டேதான் இருக்கிறது; விநாடிக்கு 8 முதல் 12 தடவை, கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு. கையை நீட்டி, விரல்களின் மேல் ஒரு தாளை வைத்துப் பாருங்கள், தாளின் ஓரம் காட்டிக்கொடுத்துவிடும்.

ஒரு தசையை நூற்றுக்கணக்கான இயக்க நரம்பணுக்கள் பங்குபோட்டு இயக்குகின்றன. ஒவ்வொன்றும் தன் பங்குக்கு விட்டுவிட்டுத்தான் தூண்டுதல் அனுப்புகிறது. எல்லாம் வெவ்வேறு நேரத்தில் அனுப்புவதால் மொத்த விசை சீராகத் தெரிகிறது. நரம்பணுக்கள் பல அழிந்து சில மட்டும் மிஞ்சினால், மிஞ்சியவை அநாதையாகிப்போன தசை இழைகளையும் தம்மோடு சேர்த்துக்கொள்கின்றன. எண்ணிக்கை குறைவு, ஒவ்வொன்றின் இழுப்போ பெரிது. சீராக்க ஆளில்லாததால் ஒவ்வொரு தூண்டுதலும் தனித்தனி வெட்டாக வெளியே தெரிகிறது. நடுக்கத்துக்கு இது ஒரு காரணம்தான். வேறு காரணங்கள் கீழே வருகின்றன.

தசைத் துடிப்பும் நடுக்கமும் ஒன்றா?

இல்லை. கை சும்மா கிடக்கும்போது தோலுக்கடியில் புழு நெளிவதுபோல் தெரிவது தசைத் துடிப்பு. அதனால் மூட்டு பெரும்பாலும் அசையாது. நடுக்கம் என்பது ஒரு மூட்டைச் சுற்றி, ஓரளவு சீரான தாளத்தில், முன்னும் பின்னுமாக நடக்கும் அசைவு. தாளமில்லாமல் திடீரென வெட்டி இழுப்பது மயோக்ளோனஸ். நரம்பு–தசை நோய்களில் இம்மூன்றும் ஒரே கையில் கலந்து வரலாம் என்பதால் அனுபவசாலிகளே சில வேளை தடுமாறுகிறார்கள்.

எந்தெந்த நோய்களில் நடுக்கம் வரும்?

முதலில் முதுகுத் தண்டுவடத் தசைநார்ச் சிதைவு, அதாவது எஸ்.எம்.ஏ. ஐந்தாவது குரோமோசோமில் உள்ள எஸ்.எம்.என்.1 மரபணுவின் இரு பிரதிகளும் செயலிழப்பதால் வருவது. உட்காரத் தெரிந்தும் நடக்க இயலாத இரண்டாம் வகைக் குழந்தைகளிடமும், நடக்கத் தெரிந்த மூன்றாம் வகையினரிடமும் விரல் நடுக்கம் மிகவும் சகஜம். குழந்தையைக் கையை நீட்டச் சொன்னால் விரல்கள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் சின்னச் சின்னதாகத் துள்ளும். சுண்டுவிரல் ஒரு பக்கம், ஆட்காட்டி விரல் ஒரு பக்கம். 1970ஆம் ஆண்டு ஸ்பைரோ என்ற மருத்துவர் இதற்கு 'மினிபாலிமயோக்ளோனஸ்' என்று பெயரிட்டு, இது கவனிக்கப்படாமல் போகும் அறிகுறி என்று எழுதினார். மரபணுப் பரிசோதனை வராத காலத்தில் இ.சி.ஜி. தாள்கூடத் துப்புக் கொடுத்தது. கை, கால்களிலிருந்து வரும் பதிவுகளில் அடிக்கோடு நேராக இல்லாமல் பல்பல்லாக இருக்கும்.

அடுத்து கென்னடி நோய். 1968இல் வில்லியம் கென்னடியும் சக மருத்துவர்களும் விவரித்தது. எக்ஸ் குரோமோசோமில் உள்ள ஆண்ட்ரஜன் (ஆண் ஹார்மோன்) ஏற்பி மரபணுவில் ஒரு மூன்றெழுத்துத் தொடர் அளவுக்கு மீறி நீண்டுவிடுவதுதான் காரணம் என்று 1991இல் கண்டுபிடித்தார்கள். பெரும்பாலும் நடுவயது ஆண்களுக்கு வரும். இதில் கை நடுக்கம் பலவீனத்துக்குப் பல ஆண்டுகள் முன்பே தலைகாட்டலாம். 'பரம்பரை நடுக்கம், ஒன்றுமில்லை' என்று சொல்லி அனுப்பப்பட்ட ஒருவருக்குப் பத்து வருடம் கழித்து மாடிப்படி ஏற முடியாமல் போகும்போதுதான் உண்மை விளங்கும். நடுக்கத்தோடு முகத்தில் தசைத் துடிப்பும் மார்பக வீக்கமும் உள்ள ஆணைப் பார்த்தால் இந்நோய் நினைவுக்கு வர வேண்டும்.

புற நரம்பு நோய்களில், பரம்பரையாக வரும் சார்கோ–மேரி–டூத் நோய் 1886இல் விவரிக்கப்பட்டது. அதோடு நடுக்கமும் சேர்ந்து வரும் ஒரு குடும்பத்தை 1926இல் ரூஸியும் லெவியும் விவரித்தார்கள். அது தனி நோய் என்று நீண்ட காலம் எண்ணியிருந்தார்கள்; பின்னர் அதே நோயின் ஒரு முகம்தான் என்று மரபணு ஆய்வுகள் காட்டின.

நோயெதிர்ப்பு ஆற்றல் தன் நரம்பையே தாக்கும் சி.ஐ.டி.பி. போன்ற அழற்சி நோய்களிலும் நடுக்கம் நிறையவே வருகிறது. அவற்றில் நியூரோபாசின் 155 என்ற புரதத்துக்கு எதிரான ஐ.ஜி.ஜி.4 எதிர்ப்பொருள் உள்ள சிறு பிரிவினரைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். அவர்கள் பெரும்பாலும் இளவயதினர். நடுக்கம் மெதுவாக, ஆனால் சோற்றை வாய்க்குக் கொண்டுபோக விடாத அளவுக்குப் பெரிதாக இருக்கும். வழக்கமான இம்யூனோகுளோபுலின் ஊசி இவர்களில் பலருக்குச் சரியாகக் கேட்பதில்லை. ரிடுக்சிமாப் என்ற மருந்து பலருக்குக் கேட்கிறது. நடுக்கம் ஒரு துணை அறிகுறிதானே என்று ஒதுக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. இங்கே நடுக்கம்தான் எந்த இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும் என்றே சொல்லித்தருகிறது.

நம் பக்கத்தில் அதிகம் பார்க்கப்படும் நோய் ஏதாவது உண்டா?

ஹிராயாமா நோய் உண்டு. ஜப்பானில் 1959இல் ஹிராயாமா விவரித்தார். 1984இல் பெங்களூரிலிருந்து கௌரிதேவியும் குழுவினரும் ஒரு கை அல்லது ஒரு கால் மட்டும் மெலியும் நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். பதின்வயதுப் பையன்களுக்கு ஒரு கை மட்டும் முன்கையிலிருந்து மெலியும். விரலை நீட்டினால் நடுங்கும். குளிர்ந்த தண்ணீரில் கையை நனைத்தால் பலவீனம் கூடும்.

சென்னையின் பெயரையே தாங்கிய 'மதராஸ் மோட்டார் நியூரான் நோய்' வேறு. மீனாட்சிசுந்தரம், ஜகந்நாதன், ராமமூர்த்தி ஆகியோர் 1970இல் இளவயதினரிடம் கண்டு எழுதியது. கை, கால் மெலிவோடு காது கேளாமையும் முகத்தசை பலவீனமும் சேர்ந்து வருவதுதான் அதன் அடையாளம்.

அழற்சி நோயில் பாதிக்கப்படுவது கையில் உள்ள நரம்பு. தாளம் எங்கிருந்து வருகிறது?

இந்தத் துறையிலேயே சுவையான கேள்வி இதுதான். இன்னும் முழுசாகத் தீரவில்லை.

பழைய விளக்கம் எளிமையானது. நரம்பைப் போர்த்தியிருக்கும் மயலின் உறை கெட்டுப்போனால் அந்த நரம்பில் செய்தி மெதுவாகப் போகிறது. கை எங்கே இருக்கிறது என்ற தகவல் தாமதமாக வந்து சேர்கிறது. திருத்தும் ஆணையும் தாமதமாகத் திரும்பிப் போகிறது. ஏரி மதகைத் திறப்பவன், கடைமடையிலிருந்து ஆள் ஓடி வந்து 'போதும்' என்று சொல்லும்வரை காத்திருந்தால் என்ன ஆகும்? அவன் மூடுவதற்குள் வயல் மூழ்கியிருக்கும். மூடிய பிறகு 'காய்கிறது' என்ற செய்தி வருவதற்குள் வெடித்திருக்கும். தாமதம் உள்ள எந்தக் கட்டுப்பாட்டு வளையமும் இப்படித்தான் ஊசலாடும்.

அழகான விளக்கம், ஆனால் நோயாளிகளைப் பார்த்தால் இடிக்கிறது. நரம்பில் வேகம் அதே அளவு குறைந்திருந்தும் ஒருவருக்கு நடுங்குகிறது, இன்னொருவருக்கு நடுங்குவதில்லை. அதனால் சிறுமூளையின் மேல் சந்தேகம் விழுந்தது. வரும் தகவல் எப்போது வர வேண்டும் என்று கணக்கிட்டு முன்கூட்டியே திருத்துவது சிறுமூளையின் வேலை. தாமதமாக, அதுவும் ஒழுங்கில்லாமல் சிதறி வரும் தகவலை வைத்துக்கொண்டு அது தவறான நேரத்தில் திருத்துகிறது என்பது புதிய கருத்து. 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வில் கண்ணிமைப் பழக்கச் சோதனையைப் பயன்படுத்தினார்கள். ஓர் ஒலியைத் தொடர்ந்து கண்ணை மூடவைக்கும் சிறு தூண்டுதலைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால், ஆரோக்கியமானவரின் சிறுமூளை சீக்கிரமே கற்றுக்கொண்டு ஒலி கேட்டதுமே இமையை மூடவைக்கும். அழற்சி நரம்பு நோயும் நடுக்கமும் சேர்ந்து உள்ளவர்கள் இதைச் சரியாகக் கற்றுக்கொள்ளவில்லை. அதே நோய் இருந்து நடுக்கம் இல்லாதவர்கள் கற்றுக்கொண்டார்கள். கையை ஆராயப் போய்க் கண்ணிமையில் விடை தேடிய இந்தச் சாமர்த்தியம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

மூளையும் வேண்டாம், நரம்பும் வேண்டாம், தசையே தானாக நடுங்குமா?

நடுங்கும் என்றே தெரிகிறது. 2019இல் எம்.ஒய்.பி.பி.சி.1 என்ற மரபணுவில் மாற்றம் உள்ள சில குடும்பங்களைப் பற்றிய ஆய்வுகள் வந்தன. பிறவியிலேயே லேசான தசைத் தளர்ச்சி, கூடவே நடுக்கம். அந்த மரபணு செய்யும் புரதம், தசை இழைக்குள் சுருங்கும் இயந்திரத்தின் ஒரு பாகம். மூளையில் அதற்கு வேலை இல்லை. எனவே தாளம் தசை இழைக்குள்ளேயே பிறக்கிறது என்று ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள். குடும்பங்கள் சில, தத்துவம் பெரிது.

இது பின்னால் பார்க்கின்சன் நோயாக மாறுமா?

மாறாது. பார்க்கின்சன் நடுக்கம் கை ஓய்வாக மடியில் கிடக்கும்போது, விநாடிக்கு 4 முதல் 6 தடவை வருவது. நரம்பு–தசை நோய்களின் நடுக்கம் பெரும்பாலும் கையைத் தூக்கிப் பிடிக்கும்போதும் வேலை செய்யும்போதும் வருவது. வயதானவருக்கு இரண்டு நோயும் தற்செயலாகச் சேர்ந்து வரலாம். அது வேறு கதை.

மருந்தாலும் நடுக்கம் வருமா?

வரும், நிறையவே வரும். ஆய்வுகளில் பெரிய குழப்பத்தை உண்டாக்குவதும் இதுதான். சால்பியூட்டமால் ஆஸ்துமா இன்ஹேலரில் இருப்பது மட்டுமில்லை. நரம்பு தசையோடு சேரும் இடத்தில் கோளாறு உள்ள சில பிறவி மையஸ்தீனியா நோயாளிகளுக்கும் எஸ்.எம்.ஏ. உள்ள சிலருக்கும் வலுவுக்காக மாத்திரையாகவோ சிரப்பாகவோ தருகிறார்கள். மையஸ்தீனியாவுக்குத் தரும் டாக்ரோலிமஸ், வலிப்புக்கான வால்ப்ரோயேட், மனநோய்க்கான லித்தியம், ஸ்டீராய்டு என்று பட்டியல் நீளும். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் கை நடுங்கும். ஆகவே நடுக்க ஆய்வுக்கு ஒருவரைச் சேர்க்கும்முன் தைராய்டு பரிசோதனையும் மருந்துச் சீட்டும் கையில் இருக்க வேண்டும். கடைசி வேளை மருந்து எத்தனை மணிக்குச் சாப்பிட்டார் என்பதையும் எழுதிக்கொள்ள வேண்டும். இந்தக் கடைசி விவரத்தைப் பலர் எழுதுவதில்லை.

நடுக்கத்தை எப்படி அளக்கிறார்கள்? வலிக்குமா?

வலிக்காது. ஊசி எதுவும் குத்துவதில்லை.

நோயாளி கைப்பிடியுள்ள நாற்காலியில் உட்காருவார். புறங்கையில், நடுவிரல் எலும்புக்கு நேராக, முடுக்கமானி எனப்படும் சிறு உணர்கருவியைப் பிளாஸ்திரியால் ஒட்டுவார்கள். கருவியின் ஒயர் தொங்கி ஆடினால் அந்த ஆட்டமும் பதிவாகிவிடும். அதனால் ஒயரையும் முன்கையில் சேர்த்து ஒட்ட வேண்டும். பிறகு முன்கையின் மேல்பக்கம் ஒரு ஜோடி, உள்பக்கம் ஒரு ஜோடி என்று தசை மின்பதிவுக்கான ஒட்டுத்தகடுகள். மணிக்கட்டைத் தூக்கும் தசையும் மடக்கும் தசையும் மாறி மாறி வேலை செய்கின்றனவா, சேர்ந்தே வேலை செய்கின்றனவா என்பது இதில் தெரியும்.

முதலில் கையை மடியில் வைத்து ஓய்வாக. பிறகு முன்கையைக் கைப்பிடியில் தாங்கி, மணிக்கட்டு மட்டும் வெளியே நீட்டியபடி. பிறகு தாங்கல் இல்லாமல் இரு கையையும் முன்னால் நீட்டி. ஒவ்வொன்றும் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம். கடைசியாக மூக்கைத் தொட்டு எதிரில் உள்ளவரின் விரலைத் தொடுவது, டம்ளரில் தண்ணீர் ஊற்றுவது, தாளில் சுருள் கோடு வரைவது. எல்லாவற்றுக்கும் வீடியோ எடுப்பார்கள்.

ஆரோக்கியமான ஆளுக்கு எழுதப்பட்ட இந்த வரிசையை அப்படியே பின்பற்றினால் இங்கேதான் சிக்கல். இரண்டாம் வகை எஸ்.எம்.ஏ. உள்ள பெண்ணால் கையைத் தாங்கல் இல்லாமல் ஒரு நிமிடம் நீட்டிப் பிடிக்க முடியாது. பதினைந்தாம் விநாடியில் தோள் இறங்கத் தொடங்கும். இருபதாம் விநாடியில் தெரிவது நோயின் நடுக்கமா களைப்பின் நடுக்கமா என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் தாங்கல் உள்ள நிலையையே முதன்மை அளவீடாக வைக்க வேண்டும் என்பது என் கருத்து. நடுவில் ஓய்வு கொடுக்க வேண்டும். அறை குளிராக இருக்கக் கூடாது, ஏ.சி. அறையில் அளந்து அடுத்த முறை மின்விசிறியின் கீழ் அளந்தால் இரண்டையும் ஒப்பிட முடியாது.

கையில் எடையைக் கட்டுகிறார்களே, அது எதற்கு?

நடுக்கம் எங்கே பிறக்கிறது என்று துப்பறிய. எந்தப் பொருளுக்கும் தானாக ஆடும் வேகம் ஒன்று உண்டு. முழங்கை சுமார் விநாடிக்கு 3 முதல் 5 தடவை ஆடும், மணிக்கட்டு அதைவிட வேகமாக, விரல் இன்னும் வேகமாக. எடை கூடினால் இந்த வேகம் குறையும். ஆகவே அரைக் கிலோ எடையைக் கட்டியதும் நடுக்கத்தின் வேகம் குறைந்தால், அது மூட்டின் ஆட்டமும் அனிச்சை வளையமும் சேர்ந்து உண்டாக்கியது. எடை கட்டியும் வேகம் அசையாமல் இருந்தால், தாளத்தை மேலேயிருந்து யாரோ போடுகிறார்கள், அதாவது மூளையிலோ தண்டுவடத்திலோ.

வலுவற்ற கைக்கு அரைக் கிலோ பெரிய சுமை. எடையைக் குறைத்தால் வேக மாற்றமும் குறைந்து கண்ணுக்குத் தப்பும். நோயாளியின் அதிகபட்ச வலுவில் இத்தனை சதவீதம் என்று கணக்கிட்டு எடை வைப்பது நியாயமான வழி. எவ்வளவு வைத்தோம் என்று பதிவு செய்யாமல் விடுவது மன்னிக்க முடியாதது.

செல்போன் போதாதா?

பல வேலைகளுக்குப் போதும். பெரும்பாலான போன்களில் உள்ள முடுக்கமானி விநாடிக்கு 100 தடவை அளவில் பதிவு செய்யக்கூடியது. நாம் தேடும் நடுக்கம் விநாடிக்கு 15-ஐத் தாண்டுவது அபூர்வம். ஆனால் போனுக்கு எடை உண்டு. மெலிந்த கையில் அதைக் கட்டினால், மேலே சொன்ன எடைச் சோதனையை உங்களுக்குத் தெரியாமலே செய்துவிடுகிறீர்கள்.

வீட்டில் வீடியோ எடுப்பது மிகவும் பயன்படும். கருப்புத் துணிக்கு முன்னால் கையை வைத்து, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழ, போனை எதன்மேலாவது சாய்த்து நிறுத்தி, ஓய்வாகவும் நீட்டியும் வேலை செய்தும் அரை அரை நிமிடம் எடுங்கள். கையில் பிடித்து எடுத்தால் எடுப்பவரின் நடுக்கமும் சேர்ந்துகொள்ளும்.

அறிக்கையில் வரும் எண்களை எப்படிப் படிப்பது?

இரண்டு எண்களைப் பாருங்கள். ஒன்று அதிர்வெண், விநாடிக்கு எத்தனை தடவை என்பது, ஹெர்ட்ஸில் தருவார்கள். இன்னொன்று வீச்சு, எவ்வளவு தூரம் ஆடுகிறது என்பது. ஒரே ஆளிடம் அதிர்வெண் நாளுக்கு நாள் பெரிதாக மாறாது. வீச்சு காலையில் ஒன்று, காபி குடித்த பிறகு ஒன்று, மாமியார் அறைக்குள் வந்தால் ஒன்று.

ஆய்வு செய்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கருவி அளப்பது முடுக்கத்தை. நோயாளியைத் தொல்லைப்படுத்துவது இடப்பெயர்ச்சி. ஒரே முடுக்கம் என்றாலும் அதிர்வெண்ணின் வர்க்கத்துக்கு ஏற்ப இடப்பெயர்ச்சி குறையும். முடுக்கத்தின் உச்சம் விநாடிக்கு விநாடி 1 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 5 ஹெர்ட்ஸில் கை நடுநிலையிலிருந்து ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் விலகுகிறது. 10 ஹெர்ட்ஸில் கால் மில்லிமீட்டர்தான். இதை மாற்றிக் கணக்கிடாமல், மெதுவான நடுக்கம் உள்ள சி.ஐ.டி.பி. நோயாளியையும் வேகமான நடுக்கம் உள்ள எஸ்.எம்.ஏ. குழந்தையையும் ஒரே அட்டவணையில் ஒப்பிட்டால் முடிவு தலைகீழாகிவிடும். புவியீர்ப்பும் குறுக்கிடும்: உணர்கருவி ஒரு பாகை சாய்ந்தாலே விநாடிக்கு விநாடி 0.17 மீட்டர் அளவுக்குப் பொய் முடுக்கம் சேரும். மெதுவாக இறங்கும் கையில் இது பெரிய பிழை.

மதிப்பெண் போடும் அளவுகோல்கள் போதாதா? எதற்குக் கருவி?

மருத்துவர் கண்ணால் பார்த்து நடுக்கத்துக்கு மதிப்பெண் போடும் ஃபான்–டொலோசா–மரின் அளவுகோல் 0 முதல் 4 வரை மதிப்பெண் தருகிறது. பயனுள்ளதுதான், ஆனால் தசை பலவீனம் உள்ளவர்களை மனத்தில் வைத்துச் செய்தது அன்று. அதில் ஒரு மதிப்பெண் என்பது சிறிய படி அன்று. எல்பிள் என்ற ஆய்வாளரும் சகாக்களும் 2006இல் காட்டியபடி, ஒரு படி ஏறினால் நடுக்கத்தின் வீச்சு ஏறத்தாழ மூன்று மடங்காகிறது. வீச்சு பாதியாகக் குறைந்தாலும் மதிப்பெண் அப்படியே நிற்கலாம்.

இன்னொரு கோளாறு இன்னும் பெரியது. பேனாவைப் பிடிக்கவே வலுவில்லாதவர் சுருள் கோடு வரைந்தால் கோணலாகத்தான் வரும். அதை நடுக்கக் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். 'தண்ணீர் சிந்துகிறது' என்பதற்கும் அதே கதி.

நம் ஊருக்கு இன்னொன்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கரண்டியால் சாப்பிடுவதைப் பற்றிக் கேட்கும் கேள்வித்தாளைக் கையால் சோறு பிசைந்து உண்பவரிடம் நீட்டுவதில் அர்த்தமில்லை. ரசம் சாதத்தை அள்ளும்போது சிந்துகிறதா, அண்ணாந்து குடிக்க முடிகிறதா, சட்டைப் பொத்தான் போட முடிகிறதா, பூக்கட்ட முடிகிறதா, வங்கியில் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று திருப்பி அனுப்பினார்களா என்று கேளுங்கள்.

நடுக்கம் குறைந்தால் நோய் குணமாகிறது என்றுதானே அர்த்தம்?

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

நடுங்குவதற்கும் தசையில் வலு வேண்டும். முற்றிலும் செயலிழந்த தசை நடுங்காது. வலு படிப்படியாகக் குறையும் நோயாளியின் விரல் நடுக்கம் ஒரு கட்டத்தில் தானாகவே குறையத் தொடங்கலாம். பெற்றோர் 'இப்போது பரவாயில்லை, நடுக்கம் நின்றுவிட்டது' என்று மகிழ்வார்கள். உண்மையில் தசை ஓய்ந்துகொண்டிருக்கும். நேர்மாறாக, சிகிச்சையால் வலு திரும்பும் கையில் முன்பு இல்லாத நடுக்கம் புதிதாகத் தெரியலாம். அதைப் பார்த்து மருந்து கெடுதல் செய்கிறது என்று பயந்து நிறுத்திவிடக் கூடாது.

எஸ்.எம்.ஏ.வுக்கு நுசினெர்சன் என்ற மருந்து 2016 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மரபணு சிகிச்சை 2019இல், வாய்வழி மருந்தான ரிஸ்டிப்ளாம் 2020இல். முன்பு வலு போய்க்கொண்டே இருந்தவர்கள் இப்போது நிலைத்து நிற்கிறார்கள், சிலர் ஏறுகிறார்கள். இத்தகைய காலத்தில் நடுக்கத்தை மட்டும் தனியாக அளந்து, 'மருந்துக்குப் பின் நடுக்கம் இவ்வளவு மாறியது' என்று எழுதும் ஆய்வுக்கு மதிப்பு இல்லை. அதே நாளில், அதே கையில், அதே தசையின் வலுவையும் டைனமோமீட்டர் என்ற வலுவளக்கும் கருவியால் அளந்து பக்கத்தில் வைத்தால்தான் அந்த எண் பேசும். அழற்சி நரம்பு நோய் என்றால் நரம்பு கடத்து வேகமும் வேண்டும், மூட்டு நிலை உணர்வுச் சோதனையும் வேண்டும். கை எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடினால் தெரியாதவரின் விரல்கள் தாமாக அலைவதும் நடுக்கம்போலவே தோன்றும்.

நோயாளிகளே சிலர்தான். நூறு பேரைச் சேர்க்க எங்கே போவது?

போக வேண்டாம். ஆளுக்கு ஆள் ஒப்பிடாமல் ஒருவரையே அவரோடு ஒப்பிடலாம். மருந்தையும் போலி மாத்திரையையும் மாற்றி மாற்றிக் கொடுத்து, நடுவில் மருந்து உடம்பிலிருந்து வெளியேற இடைவெளி விட்டு அளக்கும் குறுக்குமாற்று ஆய்வுக்குக் குறைந்த ஆட்கள் போதும். வேகமாக மாறும் நோய்க்கு இது ஒத்துவராது. கென்னடி நோய்போல் மெதுவாக நகரும் நோய்க்குப் பொருந்தும். வீச்சு நாளுக்கு நாள் மாறுவதால், தொடக்க அளவை ஒரே நாளில் எடுத்துவிட்டு நகரக் கூடாது. வெவ்வேறு நாட்களில் எடுத்துச் சராசரி பார்க்க வேண்டும்.

குழந்தைகளை ஆய்வில் சேர்க்கலாமா?

சேர்க்கலாம். ஐ.சி.எம்.ஆர். எனப்படும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி பெற்றோரின் ஒப்புதல் கட்டாயம். அதோடு 7 முதல் 12 வயதுவரை குழந்தையின் வாய்மொழி இசைவும், 12 முதல் 18 வரை எழுத்து மூலமான இசைவும் வாங்க வேண்டும். எட்டு வயதுப் பிள்ளை 'வேண்டாம்' என்று தலையாட்டினால் அது வேண்டாம்தான். அம்மா 'சும்மா உட்காருடா' என்று அதட்டி உட்காரவைத்து எடுத்த பதிவில் பாதி பயத்தின் நடுக்கம்.

சிகிச்சை உண்டா?

முதலில் மூலநோய்க்கு. அழற்சி நரம்பு நோய்க்கு மருந்து கொடுத்து வலு திரும்பிய பிறகும் நடுக்கம் நீங்காமல் நிற்பது உண்டு. ப்ரோப்ரனலால், ப்ரிமிடோன் ஆகிய மருந்துகள் சிலருக்கு ஓரளவு கேட்கின்றன. ஆஸ்துமா உள்ளவருக்கு ப்ரோப்ரனலால் ஆபத்து. மையஸ்தீனியாவை அது மோசமாக்கக்கூடும். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்டது என்று கடையில் வாங்கிச் சாப்பிடாதீர்கள். எடை கட்டிய கைப்பட்டை, கனமான டம்ளர் ஆகியவை பரம்பரை நடுக்கத்துக்குப் பரிந்துரைக்கப்படுகின்றன. தசை பலவீனம் உள்ளவருக்கு அந்த எடையே தண்டனை. முழங்கையை மேசைமேல் ஊன்றிக்கொள்வது, மூடியுள்ள குவளை, தடித்த பேனா போன்ற எளிய ஏற்பாடுகள் பல வேளைகளில் மாத்திரையைவிட உதவுகின்றன. எஸ்.எம்.ஏ. குழந்தைகளில் பலருக்கு விரல் நடுக்கம் தொல்லையே தருவதில்லை. தொல்லை இல்லாத நடுக்கத்துக்கு மருந்து வேண்டாம்.

ஆய்வில் சேரச் சொல்கிறார்கள். கையெழுத்துப் போடும்முன் என்ன கேட்க வேண்டும்?

நெறிமுறைக் குழுவின் அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். மருந்து சோதனை என்றால் சி.டி.ஆர்.ஐ. எனப்படும் இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டின் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அதன் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். ஆய்வுக்காகவே செய்யும் பரிசோதனைகளுக்கு உங்களிடம் பணம் கேட்கக் கூடாது. வீடியோவில் முகம் தெரியுமா, யார் பார்ப்பார்கள், எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள் என்பதைக் கேளுங்கள். கையை அளக்க முகம் தேவையில்லை. அளவீட்டுக்காக நீங்கள் வழக்கமாகச் சாப்பிடும் மருந்தை நிறுத்தச் சொன்னால், உங்கள் சொந்த மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். இடையில் விலகினால் வழக்கமான சிகிச்சை பாதிக்கப்படாது என்று படிவத்தில் எழுதியிருக்க வேண்டும். உங்கள் பதிவின் நகலைக் கேட்டு வாங்கி மருத்துவக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை அளக்கும்போது ஒப்பிட அது வேண்டியிருக்கும்.